கரகரப்பின் கதை

கச்சேரி ஆரம்பிக்குமுன் தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். தந்திகள் சுருதி சேர்ந்த பிறகும் அவர் விடுவதில்லை. குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே இருப்பார். ஓர் இடத்துக்கு வந்ததும், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி வண்டுபோல ரீங்கரிக்கத் தொடங்கும். சாஸ்திரப்படி பார்த்தால் அது ஒரு கோளாறுதான். தந்தி குதிரைமேல் உரசுகிறது. ஆனால் அந்த நூலுக்கு நம்மவர்கள் இட்ட பெயர் ஜீவா.

மின்சாரக் கிதாரின் சரித்திரமும் இப்படி ஒரு கோளாறில்தான் திரும்பியது. 1931-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர், காந்தத்தின் அருகே செப்புக் கம்பிச் சுருளை வைத்து, இரும்புத் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கினார். மற்ற வாத்தியங்களின் நடுவே கிதாரின் மெல்லிய குரலும் காதில் விழவேண்டும் என்பதே அன்றைய ஆசை. உரத்த குரல், ஆனால் சுத்தமான குரல்.

முப்பது வருஷம் கழித்து நாஷ்வில் நகரத்தில், மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் ஒலிப்பதிவில் கருவி பழுதாகி, கிராடி மார்ட்டின் வாசித்த கிதார் கரகரவென்று உறுமியது. தூக்கி எறியவேண்டிய அந்த ஒலியை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் இசைத்தட்டு வெளிவந்து புகழும் பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அதே உறுமலை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர்களால் ஒரு சிறு கருவி சமைத்தார். 1962-இல் கிப்ஸன் கம்பெனி அதைக் காலால் மிதிக்கும் பெட்டியாக விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் கீத் ரிச்சர்ட்ஸ், குழல் வாத்தியங்கள் வாசிக்கவேண்டிய பகுதிக்கு அடையாளமாக அந்தப் பெட்டியை மிதித்து வாசித்து வைத்தார். குழல்கள் வரவே இல்லை. கரகரப்பே உலகம் சுற்றியது.

இதன் சூட்சுமம் எளியது. டிரான்சிஸ்டரால் தாங்கமுடியாத அளவுக்கு ஒலியை ஏற்றினால், அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிய மேல்ஸ்தாயி ஒலிகள் பிறக்கும். இன்னொரு லாபமும் உண்டு: மீட்டிய ஸ்வரம் சட்டென்று மங்காமல் நெடுநேரம் நிற்கும்.

நிற்கவேண்டும் என்ற இந்தத் தாகம் நமக்குப் புதிதல்ல. 1969-இல் பாலகொல்லுவில் பிறந்த யூ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினைக் கையில் எடுத்தபோது தடையாக நின்றதும் அதுவே. ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள். மீட்டிய கணத்தில் ஒலி மங்கிவிடும். கமகத்துக்கு இழுத்துப் பிடிக்க நாதம் மிச்சமிருந்தால்தானே? அவர் மின்சார மாண்டலினை ஏற்று, தந்திகளை ஒற்றை ஒற்றையாக ஐந்தாக்கினார். கரகரப்பை அவர் தேடவில்லை. நிற்கும் நாதத்தைத் தேடினார். மேல்நாட்டு வாத்தியம், அதிலும் மின்சாரம் என்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. சுமார் பன்னிரண்டு வயதில் அவர் சென்னை மேடை ஏறிய பிறகு, அந்தப் புருவங்கள் மெல்ல இறங்கின.

எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் இதே வழக்கு ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய தகப்பனார் ஆசையாக வாங்கி வந்த கிதார் ஒன்று உண்டு. மகனோ அதன் முதுகைக் குடைந்து, ஒலிபெருக்கும் சுற்றையும் கரகரப்புச் சுற்றையும் உள்ளேயே பொருத்த நினைக்கிறான். “மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாப்பா கேப்பாவ” என்று என்னிடம் வந்தான்.

அவனுக்குச் சரித்திரத்தையே பதிலாகச் சொன்னேன். 1960-களில் இங்கிலாந்தின் வாக்ஸ் கம்பெனி கரகரப்புச் சுற்றைக் கிதாரின் வயிற்றுக்குள்ளேயே வைத்து விற்றது. அந்த வழக்கம் பரவவில்லை. கை தந்தியில் இருக்கும்போது கால் சும்மாதானே இருக்கிறது? ஒரு கரகரப்பு அலுத்துப்போனால் பெட்டியை மாற்றலாம். மரத்தை மாற்ற முடியுமா?

ஒலிபெருக்கும் சுற்றின் கதை வேறு. கிதாரிலிருந்து புறப்படும் மின்சாரம் மிக நலிந்தது. நீண்ட கம்பியில் போகும்போதே அதன் மேல்ஸ்தாயித் தெளிவு கரைந்துவிடும். புறப்படும் இடத்திலேயே அதற்குப் பலம் கொடுத்தால் வழியில் சேதமில்லை. 1969-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக் கம்பெனி இதை வாத்தியத்துக்குள் வைத்துப் பெயர் வாங்கியது. இன்றும் பல பாஸ் கிதார்களின் முதுகில் ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்று குடியிருக்கிறது.

ஆக, பலம் கொடுப்பது உள்ளே இருக்கலாம். குரலை மாற்றுவது வெளியே இருக்கட்டும். ஜீவா நூலைக்கூட யாரும் தம்புராவில் ஒட்டிவைப்பதில்லை. வேண்டாதபோது உருவிவிடலாம் என்பதால்தான் அதை அவ்வளவு துணிச்சலாகச் செருகுகிறார்கள்.

பையன் இப்போது பெட்டிக்குப் பணம் சேர்க்கிறான். முதுகைக் குடைவது பற்றி வாப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. கடற்காற்றின் உப்பில் தந்தி துருவேறாமல், தினமும் துடைத்து வைப்பது மட்டும் அவர்தான்.