இரண்டு முறை காலியான பட்டணம்

1746-இல் பிரெஞ்சுத் தளபதி லபோர்தொனே கப்பல்களோடு வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து இன்னொரு பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். முற்றுகை போட்டுப் பார்த்துவிட்டு 1759 பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பினார். அதற்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மதராஸ் பட்டணம் கடலைப் பார்த்துப் பயப்படவில்லை. கவர்னர்கள் வந்ததும், துணி மூட்டைகள் போனதும், கூலியாட்களை மலேயாவுக்கும் பர்மாவுக்கும் ஏற்றி அனுப்பியதும் அந்தக் கடல் வழியாகத்தான். வங்காள விரிகுடா வெள்ளைக்காரன் வீட்டுக் குளம் என்றே ஊர் நினைத்தது. வெள்ளைக்காரனும் அப்படித்தான் நினைத்தான்.

அந்த நினைப்பு இரண்டு தடவை உடைந்தது. 1914-இல் ஒரு தடவை, 1942-இல் ஒரு தடவை. முதல் தடவை எதிரி வந்தான், சுட்டான், போனான். இரண்டாம் தடவை அவன் பட்டணத்துப் பக்கம் வரவே இல்லை. ஆனால் இரண்டு தடவையும் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ஒரே காட்சிதான்: மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி, கிடைத்த ரயிலில் கிடைத்த இடம்.

முதலில் 1914. ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. சண்டை பெல்ஜியத்தில், பிரான்சில். இங்கே அது பத்திரிகைச் செய்தி, அவ்வளவுதான். ஆனால் சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்திலிருந்து எம்டன் என்ற போர்க்கப்பல் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. பெரிய கப்பல் அல்ல. சுமார் 3,600 டன், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். நிஜமான புகைபோக்கிகள் மூன்றோடு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியையும் மாட்டிக்கொண்டு, தூரத்துப் பார்வைக்கு பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரியும்படி வேஷம் கட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தார்.

செப்டம்பர் 10 முதல் வேட்டை. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமட் என்று கல்கத்தா தடத்தில் போன சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மறித்தார். மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு கப்பலை மூழ்கடித்தார். டிப்ளமட்டோடு ஏராளமான தேயிலையும் கடலுக்குள் போனது. இண்டஸில் கிடைத்த சோப்பு எம்டன் மாலுமிகளுக்கு நெடுநாள் வந்ததாம். பிடிபட்ட மாலுமிகளை ஒரு கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கே அனுப்பியும் வைத்தார். விரிகுடாவில் எதிரி இருக்கிறான் என்பது, ஆகவே, அரசுக்குத் தெரியும். பிறகு சில நாள் சத்தமில்லை. எம்டன் ரங்கூன் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது, வீடுகளில் கொலு. பிறை சீக்கிரமே மறைந்துவிட்ட இருட்டு. அந்த இருட்டில் பட்டணம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. துறைமுக விளக்குகள் எரிந்தன. ஹைகோர்ட்டு கோபுரத்து உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் சமாதான காலத்தில் போலவே சுற்றிக்கொண்டிருந்தது. எதிரிக்கு இதைவிட வசதியாக யாரும் வழி காட்டியிருக்க முடியாது. இரவு ஒன்பதரை மணி வாக்கில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்ற எம்டன், தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கண்டுபிடித்துச் சுட்டது. அரை மணிக்குள் சுமார் 130 குண்டுகள். டாங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் குண்டு விழுந்தது. ஹைகோர்ட்டு மதிலிலும் ஒன்று பட்டது. அந்த இடத்தில் வைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகள் சுட்டன. ஒன்றும் படவில்லை. அதற்குள் எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் நழுவிவிட்டது.

இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். எண்ணெய் நஷ்டமும் சாம்ராஜ்யத்துக்கு ஒரு பொருட்டல்ல. முல்லர் அதற்காக வரவும் இல்லை. இந்திய ஜனங்கள் பார்க்கும்படி ஒரு வாணவேடிக்கை காட்டி, வியாபாரத்தைக் கலக்கி, பிரிட்டிஷ் கௌரவத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த வகையில் அவருக்கு முழு வெற்றி. எரிந்த எண்ணெயின் வெளிச்சம் கடலில் நெடுந்தூரம் போன பிறகும் கப்பலுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்!

கோட்டையில் நேரம் காட்டச் சுடும் பீரங்கியைத் தவிர வேறு பீரங்கிச் சத்தம் கேட்டறியாத ஊர். மறுநாள் காலையிலிருந்து ஜனம் கிளம்பியது. பயப்பட ஒன்றுமில்லை என்று அரசு சொன்னது. யாரும் கேட்கிற நிலையில் இல்லை. நேற்றிரவு வரை விளக்கை அணைக்கக்கூடத் தோன்றாத அரசு இன்று சொல்லும் ஆறுதலை எதற்காக நம்ப வேண்டும்? 1911 கணக்கெடுப்பில் பட்டணத்தின் ஜனத்தொகை 5,18,660. அதில் சொந்த கிராமம் என்று ஒன்று இருந்தவர்களில் பெரும்பகுதி அந்த வாரம் அதை நினைத்துக்கொண்டது.

எம்டன் திரும்பி வரவில்லை. டியகோ கார்சியா தீவில் ஒதுங்கியபோது, போர் தொடங்கிய செய்தியே எட்டாத தீவுக்காரர்கள் அதற்கு உபசாரம் செய்தார்கள் என்பது வேடிக்கையான கிளைக்கதை. அக்டோபர் 28-இல் பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், அவர்தான் வழி காட்டினார் என்ற கதை இன்னும் மேடைகளில் ஓடுகிறது. 1914 செப்டம்பரில் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்கான குழு அமைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பெர்லின் போனார். ஜூலைக் கடைசியில் சீனக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பலில் அவர் எப்போது ஏறுவது? அவருடைய பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

இனி 1942. இந்தத் தடவை பயம் ஒரே ராத்திரியில் வந்ததல்ல. மாதக் கணக்கில் ஊறியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அது விழவே விழாத கோட்டை என்று அதுவரை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மார்ச் 8-இல் ரங்கூன். மார்ச் 23-இல் அந்தமான். பட்டணத்தில் இருட்டடிப்பு, பதுங்கு குழி, சங்கு ஒத்திகை எல்லாம் நடந்தன. ஆனால் இந்த ஏற்பாடுகளைவிட ஜனங்களை அசைத்தது பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சேதி. ரங்கூனில் குண்டு விழுந்ததையும், வெள்ளைக்காரர்கள் முதலில் கிளம்பியதையும், காட்டு வழியில் நடந்தே வந்தவர்கள் பட்ட பாட்டையும் கண்ணால் கண்டவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்கள். அரசாங்க அறிக்கை திண்ணைப் பேச்சோடு போட்டி போட முடியாது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நகுமோ தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கியது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அதே நாட்களில் இன்னொரு ஜப்பானியத் தளபதி ஒசாவாவின் கப்பல்கள் விரிகுடாவில் இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. எம்டன் செய்த அதே வேலை, பல மடங்கு பெரிதாக. ஏப்ரல் 9-இல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது.

இந்த அமளிக்கு நடுவே, ஏப்ரல் 7-இல், ஜப்பானியப் படையெடுப்புக் கப்பல்கள் தென்னிந்தியக் கரையை நோக்கி வருகின்றன என்று ராணுவத் தரப்பிலிருந்து மதராஸ் அரசுக்குத் தகவல் வந்தது. தகவல் பொய். கவர்னர் ஆர்தர் ஹோப் அதை நம்பினார். அலுவலகங்கள் கட்டுக் கட்டாகக் கோப்புகளோடு கிளம்பின. ஊட்டி, மதனப்பள்ளி, சித்தூர் என்று இலாகாவுக்கு ஒரு திசை. ஹைகோர்ட்டு கோயம்புத்தூருக்குப் போனது. பட்டணத்தில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று ஜனங்களுக்கும் சொல்லப்பட்டது. சொல்வதற்கு முன்பே பாதி ஊர் கிளம்பிவிட்டிருந்தது. 1941 கணக்குப்படி 7,77,481 பேர் இருந்த நகரத்தில் தெருத் தெருவாகப் பூட்டுத் தொங்கியது.

பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு மலபார் ஸ்பெஷல் போலீஸை அனுப்பினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினார்கள். அந்த ஏப்ரலில் மதராஸில் துப்பாக்கிக்குப் பலியானவை இவைதான்.

ஜப்பானியரின் குறி இந்தியக் கரை அல்ல, பிரிட்டனின் கீழைக் கடற்படை. இந்தியாவில் இறங்கும் படை எதுவும் அந்தக் கப்பல்களில் இல்லை. திருகோணமலையைத் தாக்கிய கையோடு நகுமோ கிழக்கே திரும்பிவிட்டார். அதாவது மதராஸ் மும்முரமாகக் காலியாகிக்கொண்டிருந்த நாட்களில் எதிரியும் தன் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்! 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அப்போது ஊர் அவ்வளவாகப் பதறவில்லை.

இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதிரியின் பலத்துக்கும் பட்டணத்தின் பயத்துக்கும் கணக்கு ஒத்தே வராது. ஒரே ஒரு சிறு கப்பல் 1914-இல் ஊரைக் கிளப்பியது. வராத கப்பல்கள் 1942-இல் அரசையே கிளப்பின. கணக்கு ஒத்துவரும் இடம் தபால் ஆபீஸ். 1914 ஆகஸ்டில், எம்டனின் பெயரைக்கூட யாரும் கேள்விப்படாதபோதே, இந்தியா முழுக்கத் தபால் ஆபீஸ் சேமிப்பிலிருந்து பணத்தை எடுக்க வரிசை நின்றது. 1942-லும் அதே வரிசை. காகித நோட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாயாக வாங்கி, பானையில் போட்டுப் புதைத்தார்கள். வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து 1917-இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை முதன்முதலாக அச்சடித்தது. அடுத்த போரில் 1940-இல் மறுபடியும் அச்சடித்தது. செம்பை மிச்சம் பிடிக்க 1943-இல் காலணாவின் நடுவே ஓட்டை போட்டார்கள். மெத்தப் படித்தவர்கள் சர்க்காரைப் பற்றிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதைவிட, ஒரு விதவை தன் ஐம்பது ரூபாயைத் தபால் ஆபீஸில் விட்டு வைத்தாளா, எடுத்துப் புதைத்தாளா என்பதில்தான் சர்க்காரின் மதிப்பு தெரியும். சர்க்கார் நிற்கும் என்று தோன்றியவரை ஊர் இருந்தது. தோன்றாதபோது ரயிலடிக்குப் போனது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1914-இல் அரசு இருந்த இடத்தில் இருந்தது, ஜனங்கள் ஓடினார்கள். 1942-இல் அரசே ஓடிக் காட்டியது. முதலாவதை மறந்துவிடலாம், எம்டன் என்ற பெயர் சமர்த்தான ஆட்களுக்குப் பட்டப்பெயராகி வேடிக்கையாகவே மிஞ்சியது. இரண்டாவதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரையும் தெருக் கூட்டியவரையும் அவசிய வேலைக்காரர் என்று சொல்லி நிற்க வைத்துவிட்டு, செக்ரட்டேரியட் மலையேறியது.

இரண்டு ஆண்டுகளையும் இதே ஊரில் பார்த்தவர் உ.வே. சாமிநாதையர். 1914-இல் அவர் கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 59. 1942-இல் 87. ஆனந்த விகடனில் அவருடைய ‘என் சரித்திரம்’ வாராவாரம் வந்துகொண்டிருந்தது. போர்ப் பயத்தில் அவரும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர், கடைசியாகச் செய்த பயணம் அது. ஏப்ரல் 28-இல் அங்கேயே காலமானார். தொடர் பாதியில் நின்றது. எந்த விகடன் வாசகர் எந்த ஊரில், யார் வீட்டுத் திண்ணையில் அதன் கடைசிப் பகுதியைப் படித்தாரோ!

அரசு கிளம்பிப் போன விதம் ஒருவரைக் கடுமையாகக் கோபப்படுத்தியது. ஜப்பான்காரன் வந்தால் எதிர்த்து நிற்க ஜனங்கள் நம்பும் ஓர் அரசு வேண்டும், அதைக் காங்கிரஸ் ஏற்க வேண்டும், அதற்காக முஸ்லிம் லீகோடு சமாதானம் பேசினாலும் தப்பில்லை என்ற முடிவுக்கு வந்தார் ராஜாஜி. ஏப்ரல் 23-இல் மதராஸ் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியைக் கூட்டி இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றினார். மூன்றே மாதத்தில் அவர் காங்கிரஸை விட்டே வெளியேற நேர்ந்தது. அந்தத் தீர்மானங்களில் என்ன இருந்தது, நேருவும் படேலும் ஏன் கொதித்தார்கள் என்பது அடுத்த வாரம்.