தாயைவிட மூத்த பிள்ளையா?

இன்று வானவியல் வரலாற்றில் நடந்த ஒரு வயதுத் தகராறு பற்றி எழுதுகிறேன்.

நம் பால்வெளியைச் சுற்றிக் கோள வடிவ விண்மீன் கொத்துகள் பல உள்ளன. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான விண்மீன்கள். ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அவற்றில் எடை மிகுந்தவை எரிபொருளை வேகமாகச் செலவழித்து முதலில் முதுமை அடையும். இப்போது எந்த எடையுள்ளவை முதுமைக்குத் திரும்புகின்றன என்று பார்த்தால் கொத்தின் வயது தெரிந்துவிடும். அந்த இடத்துக்குத் 'திருப்புமுனை' என்று பெயர். 1950களின் தொடக்கத்தில் ஆலன் சாண்டேஜும் அவருடைய தோழர்களும் பாலோமர் மலைத் தொலைநோக்கி கொண்டு இதைத் தெளிவாகக் கண்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். தொலைவில் தெரியும் வெளிச்சம் பெரிய விளக்கா, அருகில் உள்ள சிறிய விளக்கா என்று எப்படிச் சொல்வது? கொத்தின் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், வயதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிசகும். இடையில் உள்ள தூசியும் ஒளியை மங்கச் செய்யும்.

1994-இல் தகராறு முற்றியது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகள் பிரபஞ்சத்தின் வயது 800 முதல் 1,200 கோடி ஆண்டுகள் என்றன. கொத்துகளின் வயதோ 1,400 கோடிக்கு மேல் என்று கணக்கு வந்தது. தாயைவிடப் பிள்ளை மூத்ததாக இருக்க முடியுமா?

இரு தரப்பாரும் மீண்டும் அளந்தார்கள். 1997-இல் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் வெளியாயின. கொத்துகள் நினைத்ததைவிடத் தொலைவில் இருப்பதாக அவை காட்டின. அதனால் அவற்றின் வயது குறைந்தது. 1998-இல் பிரபஞ்சம் முடுக்கத்துடன் விரிகிறது என்று தெரிந்தது. அதன் வயது கூடியது.

தூரத்தையே நம்பாத வழியும் பிறந்தது. அதற்குக் கைகொடுத்தது, 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானி வைத்துக் கண்டுபிடித்த அகச்சிவப்புக் கதிர். குளிர்ந்த சிறு விண்மீன்களின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகள் அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால் விண்மீன்களின் நிறத்தையும் ஒளியையும் குறிக்கும் வரைபடக்கோடு அந்த இடத்தில் முழங்கால் போல மடங்கும். வயது ஏறினாலும் இந்த முழங்கால் இடம் மாறாது. திருப்புமுனைதான் மங்கிக்கொண்டே முழங்காலை நோக்கி இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் வயது கிடைக்கும். தூரமும் தூசியும் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மங்கச் செய்யும். அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளத்தில் இறங்கி நின்றாலும் அவர்களின் உயர வித்தியாசம் மாறாதல்லவா?

சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியில் எடுத்த அகச்சிவப்புப் படங்களைக் கொண்டு, என்ஜிசி 3201 என்ற கொத்துக்கு 2010-இல் இப்படி வயது கணித்தார்கள். வந்த விடை சுமார் 1,150 கோடி ஆண்டுகள். முன்பின் 130 கோடி இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். பிளாங்க் விண்கலம் 2013-இல் தந்த பிரபஞ்ச வயது 1,380 கோடி. பிள்ளை தாய்க்கு இளையதே!

பிள்ளைகளே, இரண்டு கணக்குகள் முரண்பட்டபோது யாரும் விடையைத் திருத்தி எழுதவில்லை. அளவுகோலைச் சோதித்தார்கள். கணக்கு நோட்டில் விடையை மட்டும் அழித்து எழுதாதீர்கள், வழிமுறையைப் பாருங்கள் என்று வகுப்பில் நான் சொன்னதும் இதைத்தான். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.