ஜாம்கெட் ஊரக நலத் திட்டம்

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்தில், மழை பொய்க்கும் ஜாம்கெட் வட்டாரத்தில், மருத்துவத் தம்பதியர் ரஜனிகாந்த் ஆரோலேவும் மேபெல் ஆரோலேவும் 1970இல் தொடங்கிய சமூக மருத்துவத் திட்டம்.

ரஜனிகாந்த் (1934–2011) அதே மாவட்டத்து ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். மேபெலின் (1935–1999) தந்தை ஜபல்பூர் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்தவர். இரண்டுமே கிறித்தவ வாத்தியார் வீடுகள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த இருவரும் 1960இல் மணம் புரிந்தபோது, கிராமத்து ஏழைகளுக்கே உழைப்பதென்று உறுதி பூண்டனர். பிறகு ஒரு மிஷன் மருத்துவமனையில் பணியாற்றுகையில், குணமாகிப் போனவர்கள் அதே நோயோடு திரும்புவதைக் கண்டனர். கெட்ட தண்ணீருக்கும் பட்டினிக்கும் மருந்துச்சீட்டு எழுதிப் பயனில்லை என்று உணர்ந்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பினர்.

ஜாம்கெட்டில் முதல் ஏற்பாடு தோற்றது. பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினர். வெளியூர்ப் பெண்களால் அங்கே வேரூன்ற முடியவில்லை. அதன்பின் ஊராரே தங்களுக்குள் ஒருத்தியைத் தேர்ந்தனுப்பும் முறை வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தலித் பெண்களும் பலர். வாரந்தோறும் ஜாம்கெட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கவும், வயிற்றுப்போக்கைச் சமாளிக்கவும், தொழுநோயையும் காசநோயையும் அடையாளம் காணவும் கற்றனர். ஏழைக்கு உழைக்கும் உறுதியை ஆரோலே தம்பதியருக்குக் கிறித்தவ நம்பிக்கை தந்திருக்கலாம். மருத்துவரிடம் மட்டுமே இருந்த அறிவை எழுத்தறியாத பெண்ணிடம் தயங்காமல் ஒப்படைத்ததில் தெரிவது வாத்தியார் வீட்டு வளர்ப்பு.

சாதியையும் ஆரோலே தம்பதியர் நோயாகவே பார்த்தனர். 1970களின் பஞ்சத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, அடிபம்புகளைத் தலித் குடியிருப்புகளில் அமைக்க ஏற்பாடு செய்தனர். தண்ணீர் வேண்டிய மேல்சாதியார் அங்கே போகத்தான் வேண்டியிருந்தது. சொற்பொழிவுகளைவிட இது அதிகம் சாதித்தது.

திட்டத்தின் கணக்குப்படி, தொடக்கத்தில் 1000 பிறப்புக்கு 176 ஆக இருந்த சிசு மரணம் 1990களில் 20ஐ ஒட்டி இறங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட தொகுப்பு நூலில் ஜாம்கெட் இடம்பெற்றது. தம்பதியர் 1979இல் மகசேசே விருது பெற்றனர்.

பெற்றோருக்குப் பின் மகள் ஷோபாவும் மகன் ரவியும் பொறுப்பேற்றனர். ஜாம்கெட் பெண்களிடம் ஒப்படைத்த இந்த வேலைக்கு, மத்திய அரசு 1977இல் தொடங்கிய ஊர்ச் சுகாதாரப் பணியாளர் திட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே தேர்வாயினர். பெண்களை மட்டுமே கொண்ட ஆஷா திட்டம் 2005இல்தான் வந்தது.