விருந்துக்கு ரெட் ஒயின்: மருந்தான கதை

1/ கொட்டாரத்துல கிறிஸ்துமஸ் விருந்து. "டாக்டர், ரெட் ஒயின் வாங்கிட்டுப் போறேன், எது இதயத்துக்கு நல்லது?"ன்னு கேக்குறீங்க. கொஞ்சம் வரலாறு பாப்போம்.

2/ ஒயின் நமக்குப் புதுசில்ல. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழணும்னு புறநானூறு 56-ல் நக்கீரர் வாழ்த்துறார். 1945-ல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ, மத்தியதரைக்கடல் ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. நக்கீரர் பாட்டுல அது மகிழ்ச்சிக்கான பானம், மருந்து இல்ல.

3/ 'இதயத்துக்கு நல்லது' பிரபலமானது 1991-ல். கொழுப்பு நிறைய சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயினா இருக்கலாம்னு ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சி சொன்னது. விற்பனை எகிறிச்சு.

4/ ஆனா ஒப்பீட்டுலயே கோளாறு. 'குடிக்காதவங்க' கணக்குல, நோய் வந்து குடியை விட்டவங்களும் இருந்தாங்க. அதனால அளவா குடிக்கிறவங்க ஆரோக்கியமா தெரிஞ்சாங்க.

5/ மது புற்றுநோய் உண்டாக்கும்னு 1988-லேயே வகைப்படுத்தியாச்சு. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிட்டுது.

6/ அதனால, வாங்குறதா இருந்தா ருசிக்கு வாங்குங்க. குடிக்காத மாமாவை மட்டும் "நெஞ்சுக்கு நல்லது"ன்னு வற்புறுத்தாதீங்க.