ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ்: இலண்டன் மாநகரின் தீத்தடுப்புச் சட்டமும் மேற்பார்வைக் கட்டணமும்

1667-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வீடு கட்டப் புகுந்தவன் முதற்கண் செய்ய வேண்டியிருந்தது செங்கல் வாங்குவதன்று. தீயில் வெந்து கிடந்த தன் மனையின் இடிபாடுகளை அகற்றி, பழைய அடித்தளம் தெரியும்படி துப்புரவு செய்ய வேண்டும். பிறகு கில்டுஹால் என்னும் நகர மன்றத்துக்குச் சென்று, கருவூலத்தில் 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்தி இரசீது பெற வேண்டும். அந்த இரசீதைக் காட்டிய பிறகே நகரச் சர்வேயர் வருவார். கயிறு பிடித்து முளையடித்து, சுவர் எழ வேண்டிய எல்லையைக் குறித்துக் கொடுப்பார். ஒரு பவுனில் மூன்றிலொரு பங்கான இச்சிறு தொகையை வரலாற்று நூல்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. பெருந்தீயைப் பற்றியும், கிறிஸ்தோபர் ரென் எழுப்பிய தூய பவுல் பேராலயத்தைப் பற்றியுமே அவை விரித்துரைக்கின்றன. ஆயினும் தீத்தடுப்புச் சட்டம் ஏட்டை விட்டு இறங்கித் தெருவில் நடமாடத் தொடங்கியது இந்த இரசீதின் பின்னேதான்.

சட்டம் அதற்கு முன் இல்லாமற் போகவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நகரின் முதல் மேயரான ஹென்றி பிட்ஸ் அயில்வின் பெயரால் வழங்கும் கட்டட விதிகள் தோன்றின. அண்டை வீட்டார் இருவர் தமக்கிடையே 3 அடி கனமுள்ள கற்சுவரை எவ்வாறு எழுப்ப வேண்டும் என்பதை அவை வகுத்தன. 1212-இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பற்றிய தீ பாலத்தைக் கடந்து நகருக்குள்ளும் புகுந்தது. அதன்பின் நாணலாலும் வைக்கோலாலும் கூரை வேயலாகாதென்று நகரத்தார் கட்டளையிட்டனர். கொத்தர் தலைவரும் தச்சர் தலைவருமாகச் சிலர் சத்தியம் செய்து கொண்டு சுவர்ப் பிணக்குகளை நேரில் சென்று பார்க்கும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. ஆனால் அண்டை வீட்டான் முறையிட்டால்தான் அவர்கள் சென்று பார்ப்பார்கள். முறையிடுவானேன்? அவன் வீடும் பலகை வீடு. அவன் மாடியும் தெருவின் மேல் நீட்டிக் கொண்டிருந்தது.

ஸ்டூவர்ட் மன்னர்கள் காலத்தில் இந்நிலை மேலும் கெட்டது. முதலாம் ஜேம்ஸ் 1605-இல் ஓர் அரச அறிக்கை வெளியிட்டு, புது வீடுகளின் முகப்பைச் செங்கல்லாலோ கல்லாலோ அமைக்க வேண்டுமென்றார். அவர் மகன் முதலாம் சார்லஸ் காலத்தில் விதியை மீறியவர்களைத் தேடிப் பிடிக்க ஆணையாளர்கள் இருந்தனர். ஆனால் அவர்கள் தேடியது வீட்டைவிடத் தண்டத்தையே என்று சொல்லலாம். குற்றத்துக்கு விலை பேசிப் பணத்தை வாங்கிக் கொண்டபின் வீடு நின்ற இடத்திலேயே நின்றது. மன்னராட்சி நீங்கிக் கிராம்வெல் ஆட்சி வந்தபோதும் வழக்கம் மாறவில்லை. 1657-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 1620-க்குப் பிறகு புறநகரில் 4 ஏக்கர் நிலம் இல்லாமல் கட்டிய வீடுகளுக்கு ஓராண்டு வாடகையைத் தண்டமாக விதித்தது. தண்டம் கட்டியவனுக்கு வீடு உரிமையாயிற்று. தீயைத் தடுக்க வந்த விதி, கருவூலத்தை நிரப்பும் வரியாக உருமாறிய கதை இது.

இரண்டாம் சார்லஸ் 1665-இல் மேயருக்குக் கடிதம் எழுதி, குறுகிய தெருக்களாலும் முன்தள்ளிய மாடிகளாலும் நகருக்கு நேரக்கூடிய தீ அபாயத்தை எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஞாயிறு அதிகாலையில், புட்டிங் சந்திலிருந்த தாமஸ் பாரினர் என்பவரின் ரொட்டிச் சூளையில் தீ எழுந்தது. தீயின் பாதையிலுள்ள வீடுகளை இடித்துத் தள்ளினால் அது மேலே பரவாது என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். மேயர் பிளட்வர்த்தோ, இடித்த வீட்டை மறுபடி கட்டிக் கொடுக்கும் செலவு யார் தலையில் விழும் என்று தயங்கி நின்றார். அவர் தயங்கிய பொழுதில் தீ தேம்ஸ் கரைக் கிடங்குகளை எட்டியது. அங்கே எண்ணெயும் தாரும் கொழுப்பும் குவிந்திருந்தன. நான்கு நாளில் 13,200 வீடுகளும் 87 கோயில்களும் சாம்பராயின.

1667 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மறுகட்டுமானச் சட்டம் முந்தியவற்றினும் வேறுபட்டது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, எந்தத் தெருவில் எத்தனை மாடி, எந்த மாடியில் சுவர் எத்தனை செங்கல் கனம் என்று அது எண்ணிச் சொன்னது. புறச்சுவர் யாவும் கல்லாகவோ செங்கல்லாகவோ இருத்தல் வேண்டும். இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை முதலில் கட்டுபவனே முழுதும் கட்டிவிட வேண்டும். பின்னர் வரும் அண்டை வீட்டான் பாதிச் செலவை நூற்றுக்கு 6 வட்டியுடன் தர வேண்டும். லயத்து வீட்டில் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நியாயம் எளிதில் விளங்கும். இவற்றினும் முக்கியமானது, கட்டட வேலை அறிந்தவர்களைச் சர்வேயர்களாக நகரம் நியமிக்க வேண்டும் என்ற பிரிவு. மாறுபாடாகக் கட்டினால் அது பொதுத் தொல்லை எனக் கருதப்படும்; கட்டியவன் அதை இடித்துத் தருவதாகப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் சிறை செல்ல வேண்டும்.

அவ்வாறு நியமனம் பெற்று உழைத்தவர்களுள் பீட்டர் மில்ஸ் செங்கற் கொத்தர். ஜான் ஆலிவர் கண்ணாடித் தொழிலாளர். மற்றொருவர் ராபர்ட் ஹூக். பள்ளி மாணவர்கள் இவரைச் சுருள்வில் விதியைக் கண்டவராகவும், உயிர்ப்பொருளின் நுண்ணறைக்குச் 'செல்' என்று பெயரிட்டவராகவும் அறிவர். அந்த அறிவியலார் தம் முப்பத்தோராம் வயதில், வேகாத கரித்துண்டுகளுக்கிடையே அளவுகோலும் முளைக்கட்டையுமாக நடந்தார் என்பதை அறிந்தவர் சிலரே. 1667 மார்ச்சு இறுதியில் முளையடிக்கும் வேலை தொடங்கியது. தெருவை அகலப்படுத்த யாருடைய மனையில் எவ்வளவு போயிற்று என்பதையும் அவர்களே அளந்து சான்று எழுதினர்; அச்சான்றைக் கொண்டே இழந்தவன் ஈட்டுத்தொகை பெற்றான். மில்ஸும் ஆலிவரும் எழுதிய அளவை ஏடுகள் இன்றும் உள்ளன. ஹூக்கின் ஏடுகள் தொலைந்து போயின.

1703-இல் ஹூக் இறந்தபோது, அவர் அறையில் இரும்புப் பெட்டி ஒன்றில் பல ஆயிரம் பவுன் பணம் இருந்தது. அப்பெட்டி முப்பது ஆண்டுக்கு மேல் திறக்கப்படாதிருந்ததாம். முப்பது ஆண்டு என்றால் அது முளையடித்த காலத்துச் சம்பாத்தியமே. அதைக் கையூட்டென்று எண்ணிவிடலாகாது. சம்பளமும், அளந்து சான்றெழுதியதற்குரிய கூலியும் சேர்ந்த பணம் அது. எனினும் அப்பெட்டி ஒரு கேள்வியை உள்ளடக்கியிருந்தது. மேற்பார்வையாளன் எவன் கையிலிருந்து ஊதியம் பெற வேண்டும்? அதே ஆண்டுகளில், வீட்டுக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் இடையே கட்டுச் செலவைப் பங்கிட்டுத் தீர்ப்பளித்த தீ நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஊதியமே பெறவில்லை. நன்றி பாராட்டிய நகரத்தார் ஓவியர் ஜான் மைக்கேல் ரைட்டைக் கொண்டு அவர்களுடைய உருவப் படங்களைத் தீட்டுவித்தனர். நீதிபதிக்கு வேறு வருவாய் உண்டு, படம் போதும். நாள்தோறும் சேற்றில் நின்று சுவரை அளப்பவனுக்குப் படம் மட்டும் போதுமா?

இருநூறு ஆண்டு கழித்து இதே பாடம் மலாயாவில் வேறு முறையில் நிகழ்ந்தது. 1881-இல் கோலாலம்பூரின் பலகை வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் தீ அழித்தது. சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மாற்றிக் கட்டுமாறு கட்டளையிட்டார். யாப் ஆ லோய் செங்கற்சூளைக்கு நிலம் வளைத்தார். அச்சூளைகளின் நினைவே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரில் தங்கியிருக்கிறது.

இலண்டனுக்குத் திரும்புவோம். நகரின் பெரும்பகுதி சில ஆண்டுகளில் எழுந்துவிட்டது. முளையடிக்க வேண்டிய மனைகள் குறையவே கட்டணமும் குறைந்தது. சர்வேயர்களின் வேலையும் சுருங்கியது. 1667-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நகர எல்லைக்கு அப்பால் செல்லாது. புறநகரிலோ கட்டடங்கள் காளான்போல் முளைத்தன. அங்கே சட்டத்தின் வேலையை ஓரளவு செய்தது வாணிகம். நிக்கலஸ் பார்பன் என்னும் கட்டட முதலாளி 1680-ஐ ஒட்டித் தொடங்கிய தீக் காப்பீட்டு நிலையம், செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரையும், பலகை வீட்டுக்கு ஐந்தும் கேட்டது. பலகைக்கு இருமடங்கு விலை! அந்தப் பார்பன் தாம் கட்டி விற்ற வீடுகளைப் பற்றி அதே அளவு கவலைப்பட்டார் என்று சொல்வதற்கில்லை. மின்சிங் தெருவில் அவர் எழுப்பியவை இடிந்து விழுந்தன.

1707, 1709-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மரக் கூரைவிளிம்புகளை நீக்கின; சன்னற் சட்டங்களைச் சுவரின் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளின. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒருவர் நேரில் சென்று பார்க்கும் ஏற்பாட்டை உறுதியாக நிறுவியது 1774-ஆம் ஆண்டுச் சட்டமே. கட்டடக் கலைஞர்களான ராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்சும் அதை உருவாக்கினர். கட்டடங்கள் ஏழு தரமாயின. 850 பவுனுக்கு மேற்பட்ட மதிப்பும் 900 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பும் உள்ள வீடு முதல் தரம். 150 பவுனுக்குக் குறைந்த சிறு வீடு நான்காம் தரம். வேலை தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்னதாக வட்டாரச் சர்வேயருக்குக் கட்டுபவன் அறிவிக்க வேண்டும். வீட்டின் தரத்துக்கேற்ற கட்டணத்தை அவனே செலுத்த வேண்டும். சர்வேயரை நியமிப்பவரோ அவன் அல்லர். நகருக்குள் மேயரும் ஆல்டர்மன்களும், வெளியே நீதிபதிகளும் நியமித்தனர். பணம் தருபவன் ஒருவன், பதவி தருபவன் வேறொருவன்: இப்பிரிவினையே அச்சட்டத்தின் உயிர். ஒரே மாதிரியான முகப்புகளைத் தந்ததால் மக்கள் அதைக் 'கறுப்புச் சட்டம்' என்று ஏசினர். தீ அழகைப் பார்ப்பதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. கட்டணம் தரத்தை ஒட்டியதால், கட்டடம் அதிகமுள்ள வட்டாரத்துச் சர்வேயர் செழித்தார். இல்லாத வட்டாரத்தில் அவர் பாடு வறட்சி. பலர் சொந்தமாகவும் தொழில் நடத்தினர். 1855-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவிக்குத் தேர்வு ஒன்றை ஏற்படுத்தியது. கட்டடக் கலைஞர்களின் அரசக் கழகம் அதை நடத்தியது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சர்வேயருக்குரிய கட்டணப் பட்டியல் தொடர்ந்து இடம்பெற்றது. ஆட்சிமன்றங்கள் மாறினும் வட்டாரச் சர்வேயர் என்னும் பதவி 1986 வரை, அதாவது 212 ஆண்டு, நிலைத்தது.

1984-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் வேறு வழி திறந்தது. உள்ளூர் மன்றத்தின் அதிகாரி வேண்டாமெனில், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வாளரைக் கட்டுபவனே தேர்ந்து பணம் கொடுத்து அமர்த்திக் கொள்ளலாம் என்று அது விதித்தது. 1774-இல் பிரித்து வைத்த இரண்டு கைகள் ஒன்றாகிவிட்டன. மன்ற அதிகாரிகளும் தனியாருடன் போட்டியிட வேண்டியவராயினர், கட்டுபவர் வாடிக்கையாளரானார். 2017 ஜூன் 14 அன்று மேற்கு இலண்டனின் கிரென்பெல் கோபுரத்தில் 72 உயிர்கள் தீயில் மாண்டன. அங்கே கட்டட ஆய்வை மேற்கொண்டது தனியாரன்று, உள்ளூர் மன்றமே. புறச்சுவரில் எரியக்கூடிய தகடுகள் பொருத்தப்பட்டிருந்தும், 2016-இல் வேலை முடிந்ததாகச் சான்று வழங்கப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, ஆய்வாளர்கள் தம்மைக் காவலராக அன்றி ஒத்துழைப்பவராகக் கருதிய மனப்போக்கைக் கண்டித்தது. வாணிக ஆதாயம் உள்ளவர் இவ்வேலையைச் செய்வது பொதுநலனுக்கு ஏற்றதா என ஆராயவும் கோரியது. அதற்கு முன்பே 2022-ஆம் ஆண்டுச் சட்டம், 18 மீட்டரோ ஏழு மாடியோ எட்டிய குடியிருப்புகளுக்கு ஆய்வாளரைக் கட்டுபவன் தேர்ந்தெடுக்கும் உரிமையை நீக்கிவிட்டது.

மலேசியாவில் குடிபுகுவதற்கான தகுதிச் சான்றிதழை, மக்கள் சி.எப். என்று வழங்கியதை, முன்பு நகராண்மைக் கழகங்களே அளித்து வந்தன. மாதக் கணக்கில் தாமதமாகிறதென்ற குறை பலகாலம் இருந்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அதற்கு மாற்றாக வந்த சி.சி.சி. என்னும் சான்றைக் கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளரே வழங்குகிறார். தீயணைப்புத் துறையின் இசைவும் பெறப்பட வேண்டும். அக்கலைஞருக்கு ஊதியம் தருபவர் வீடமைப்பாளர். சிங்கப்பூரின் 1993-ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்புச் சட்டமும் கட்டட உரிமையாளரே பதிவுபெற்ற ஆய்வாளரை அமர்த்த விடுகிறது. ஆனால் அந்த வேலையில் தொழில் தொடர்போ பணத் தொடர்போ உள்ள எவரும் அதற்கு ஆய்வாளராக இருத்தலாகாது.