சிற்றாலயமும் குருசடியும்: ஒரு சொல்லாய்வு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அம்மலையின் ரிங்லெட் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளரும் தமிழ்ச் சிறார் தமிழோடு மலாயும் பயில்கின்றனர். மலாயில் 'கூயில்' என்பது இந்துக் கோயிலையும், 'கெரெஜா' என்பது கிறித்துவ வழிபாட்டிடத்தையும் குறிக்கும். முன்னது தமிழ்ச் சொல்லான 'கோயில்' என்பதன் திரிபு. பின்னது போர்த்துக்கீசிய 'இக்ரேஜா' என்பதன் திரிபு. மலாயில் காணப்படும் இச்சமயப் பாகுபாடு தமிழ்ச் சொல்லுக்கும் உண்டு என மாணவர் கருத இடமுண்டு. தமிழ் வழக்கு அவ்வாறன்று என்பதை இங்கு நிறுவ முற்படுகிறோம்.

'கோ', 'இல்' என்பவற்றின் சேர்க்கையான 'கோயில்' என்னும் சொல், சிலப்பதிகாரத்தில் அரண்மனையையும் குறிக்கக் காண்கிறோம். பிற்காலத்தில் இறைவன் உறைவிடத்தைக் குறிப்பதே பெருவழக்காயிற்று. சைவர்க்குத் தில்லையும் வைணவர்க்குத் திருவரங்கமும் அடைமொழியின்றியே 'கோயில்' ஆயின. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கிறித்துவம் தழுவினர். கிறித்துவத் தமிழரும் இச்சொல்லைக் கைவிட்டாரல்லர்; 'மாதா கோயில்', 'அந்தோணியார் கோயில்' என்பன இன்றும் வாழும் வழக்குகளாம்.

சிறிய கிறித்துவ வழிபாட்டிடத்தைக் குறிக்க மூன்று சொற்கள் உள. 'சிற்றாலயம்' அளவாற் பெற்ற பெயர். 'செபக்கூடம்' பயனாற் பெற்ற பெயர். 'குருசடி' இடத்தாற் பெற்ற பெயர். சிலுவையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லான 'குரூஸ்' தமிழில் 'குருசு' ஆயிற்று. 'மரத்தடி' என்பதிற்போல 'அடி' என்னும் தமிழ்ச் சொல் அதனோடு சேர, 'குருசடி' பிறந்தது. சிலுவை நாட்டிய இடத்திற்குரிய அப்பெயர், அதன்மீது எழுந்த சிறு கட்டடத்திற்கும் ஆகி வந்தது. மலையாளத்திலும் 'குரிசடி' வழங்குகிறது.

ஐரோப்பியரின் 'சேப்பல்' என்னும் சொல்லோ வேறு வழியில் வந்தது. தூர் நகரப் புனித மார்ட்டினின் மேலாடையைக் குறித்த 'கப்பெல்லா' என்னும் இலத்தீன் சொல், அது காக்கப்பெற்ற இடத்தையும் பின்னர்ச் சிறு வழிபாட்டிடங்களையும் குறிக்கலாயிற்று. அங்கே ஒரு புனிதப் பொருள் பெயர் தந்தது. இங்கே மக்கள் கூடி நின்ற இடம் பெயர் தந்தது.

எனவே 'சேப்பல்' என்பதற்குச் 'சிற்றாலயம்' என்பதொன்றையே நிகர்ச்சொல்லாகக் கற்பித்தல் போதாது. வழியோரச் சிலுவையிடத்தைக் 'குருசடி' என்றும், நிறுவனங்களுள் அமைந்த வழிபாட்டு அறையைச் 'செபக்கூடம்' என்றும் வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். அதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு: 'கோயில்' ஒரு சமயத்தார்க்கே உரிய சொல் எனும் எண்ணம் வகுப்பறையில் வேரூன்றலாகாது. அஃது ஊன்றின், தமிழர் பல சமயத்தாராய் வாழ்ந்தும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொண்ட வரலாறு மறக்கப்படும்.