கடல் கடந்தோரும் வாடகை வீடும்

பிறந்த ஊரை விட்டு அயல்நாடு சென்றோர் எந்த நகரத்தைத் தெரிந்தெடுத்தனர், ஏன் தெரிந்தெடுத்தனர் என்பது வரலாறு கற்போர் ஆராயத்தக்கதொரு விடயமாகும். தொழில் கிடைத்த நகருக்குச் சென்றனர் என்பர் சிலர். உறவினர் இருந்த நகருக்குச் சென்றனர் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டின் அடியிலும் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. இரவில் தலைசாய்க்கும் இடம் எங்கே தம் கைக்கு எட்டியதோ, அங்கேதான் எம்மவர் வேரூன்றினர். இதனை விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

எமது முன்னேஸ்வரத்திலிருந்தே தொடங்குவோம். 15ஆம் நூற்றாண்டிலே கோட்டையில் அரசு புரிந்த ஆறாம் பராக்கிரமபாகு, இக்கோயிலுக்கும் அதன் அந்தணருக்கும் உரிய நிலங்களை உறுதிசெய்து அளித்த சாசனம் கிரந்த எழுத்திலே பொறிக்கப்பட்டது. போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோயிலை 18ஆம் நூற்றாண்டிலே புதுப்பித்த கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனும் நிலமானியம் வழங்கினான். பணி செய்பவனுக்கு இருக்க இடமும் உண்ண வழியும் வேண்டும் என்பதை அவ்வரசர்கள் உணர்ந்திருந்தனர். பணியையும் நிலத்தையும் அவர்கள் வேறுவேறாகப் பிரிக்கவில்லை.

இதே ஏற்பாடு வேறொரு கோலத்தில் மலாயாவில் எம்மவருக்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்று அங்கே சென்றனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கற் சூளைகள் இருந்த இடம். பெயரும் அதனால் வந்ததே. புகையிரத ஊழியருக்கென அங்கு அரசாங்க விடுதிகள் எழுந்தன. 1904இல் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றியதும், கந்தசுவாமி கோயில் எழுந்ததும் அப்பகுதியிலேதான். வீடு முதலில் வந்தது. கோயிலும் பாடசாலையும் சங்கமும் அதனைத் தொடர்ந்தன.

ஆனால், அரசாங்க விடுதி சொந்த வீடு ஆகுமா? உத்தியோகம் முடியும் நாளிலே திறப்பையும் ஒப்படைக்க வேண்டும். இதனை அறிந்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரிலே காணி வாங்கினர், கல்வீடு கட்டினர், முதுமையில் திரும்பினர். ‘மலாயன் பென்சனியர்’ என்று யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பாரே உருவாகியமை இவ்வாறுதான்.

எமது கரையோரத்தின் அண்மைக்கால வரலாறும் இதற்கு ஒப்பானதே. சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள மாராவில, வென்னப்புவ முதலிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இத்தாலிக்குச் சென்றுள்ளனர். அவர்களிற் பெரும்பாலோர் சிங்களக் கத்தோலிக்கர், எமது அயலவர். ரோமாபுரி, மிலான், நேப்பிள்ஸ் ஆகிய நகரங்கள் அவர்களை ஈர்த்தமைக்கு ஒரு காரணம், அங்கு கிடைத்த வீட்டுப்பணியும் முதியோர் பராமரிப்புப் பணியும் ஆகும். எசமானர் வீட்டிலேயே தங்குபவருக்கு வாடகைச் செலவு இல்லை அன்றோ! குடும்பத்தை அழைத்த பின்னரே தனிவீடு தேட நேர்ந்தது. நேப்பிள்ஸின் பழைய தெருக்களில், வீதியை நோக்கிக் கதவு திறக்கும் நிலத்தள ஒற்றையறை வீடுகளிலும் பலர் குடியேறினர். அங்கே ஓரறையில் ஒடுங்கியிருந்து, வென்னப்புவையில் மாடிவீடு கட்டினர். அவ்வீடுகளிற் சில இன்று ஆளின்றிப் பூட்டிக் கிடப்பதைக் காணும்போது எம் மனம் நோகின்றது. உழைப்பு ஒரு நாட்டிலும் வீடு மற்றொரு நாட்டிலும் பிரிந்து நின்றதன் விலை அது.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் கனடா சென்ற தமிழருக்கோ அரசாங்க விடுதியும் இல்லை; எசமானர் வீடும் இல்லை. ரொறன்ரோ நகரின் நடுவே, 1960களில் எழுந்த உயர்ந்த மாடிக் கட்டிடங்கள் நிறைந்த சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் பலர் முதலில் தங்கினர். ஒரு வீட்டில் பலர் கூடி வாடகையைப் பகிர்ந்துகொண்டனர். சிறிது கையூன்றியதும் இடம் விரிந்த ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தனர். வங்கிக் கடனில் வீடு வாங்கியவர், அதன் நிலக்கீழ்ப் பகுதியைப் புதிதாய் வந்த இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டார். அவ்வாடகை ஒருவருக்குக் கடன் அடைக்க உதவியது. மற்றவருக்குத் தங்க இடமாயிற்று. ஸ்காபரோ தமிழர் வாழும் இடமானது இவ்வாறே.

இன்று மாணவராய்ச் செல்ல விரும்பும் எமது வாலிபருக்கு இவ்வரலாறு கூறும் பாடம் யாது? நகரின் புகழைப் பார்க்குமுன் அதன் வாடகையைப் பார்க்க வேண்டும் என்பதே. அரசாங்கங்களே இதனைக் கணக்கிட்டுக் காட்டியுள்ளன. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரித்தானியா விதித்த முறைப்படி, மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் வாழ்க்கைச் செலவுக்காக, இலண்டனிற் படிப்பதாயின் மாதம் 1,483 பவுணும், இலண்டனுக்கு வெளியே படிப்பதாயின் 1,136 பவுணும் கைவசம் உண்டெனக் காட்ட வேண்டியிருந்தது. இவ்வகையில் ஒன்பது மாதங்கள் வரை கணக்கிடப்படும். வேறுபாடு 3,123 பவுண்! நகரத்தின் பெயர் ஒன்றுக்காகக் கொடுக்கும் விலை இது. கனடாவும் 10,000 டொலராக இருந்த இத்தொகையை 2024 ஜனவரியில் 20,635 டொலராக உயர்த்தியது. பழைய தொகை உண்மையான செலவுக்குப் போதாது என்பதை அந்நாடே ஒப்புக்கொண்டது எனலாம்.

இத்தொகைகளைத் திரட்டுவதற்காகத் தென்னங்காணியை ஈடுவைக்கும் பெற்றோர் எம்மிடையே உளர். ஈடுவைத்த காணிக்கு வட்டி ஒருபுறம். அங்கே அறைக்கு வாடகை மறுபுறம். இரண்டுக்கும் இடையிலே நின்று படிப்பவன் எவ்வாறு படிப்பான்? ஆதலின் புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்க. முதல் மூன்று மாதங்கள் எங்கே தங்குவது? வாடகையும் போக்குவரத்தும் போக உணவுக்கு எவ்வளவு மிஞ்சும்? வேலை கிடைக்கத் தாமதமானால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம்? இவற்றுக்கு விடை தரும் சிறு நகரம், விடை தராத பெருநகரத்தினும் மேலானது.

முன்னர் சென்று நிலைத்தவர்க்கும் ஒரு கடமை உண்டு. தூர இடத்திலிருந்து வரும் யாத்திரிகர் தங்குவதற்கு மடம் கட்டியது எம் முன்னோர் மரபு. அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் விழா மண்டபத்துடன், புதிதாய் வருவோர் ஒரு மாதம் தங்கக்கூடிய நாலு அறைகளையும் நியாயமான வாடகைக்கு அமைப்பின், அம்மரபு அங்கும் தழைக்கும். பெட்டியுடன் வந்து இறங்கும் ஊர்ப்பிள்ளைக்கு முதலில் வேண்டுவது ஒரு பாயும் ஒரு கூரையுமே.